கணிப்பொறிக்கும் காற்று வேண்டும்

சன்னல்களையெல்லாம் சாத்திவிட்ட ஓர் அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டு அமர்ந்திருக்கிறோம். வியர்வை விரைவாக ஆவியாவதால் உடலுக்குச் சற்று இதமாக இருக்கிறது. ஆனால் அறையின் வெப்பநிலை குறைந்திருக்கிறதா? இல்லை. சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி வைத்துப் பார்த்தால், நம் உடல் வெளிவிடும் வெப்பத்தாலும் விசிறியின் மோட்டார் வெளிவிடும் வெப்பத்தாலும் பாதரசம் மெல்ல மெல்ல ஏறுவதைத்தான் காண்போம். விசிறி காற்றைக் கிளறிவிடுகிறதேயன்றி வெப்பத்தை வெளியேற்றுவதில்லை. வெளியேற்ற வேண்டுமானால் சன்னலைத் திறக்க வேண்டும். அதுவும் ஒன்றைத் திறந்தால் போதாது, எதிர்ச்சுவரில் இன்னொன்றையும் திறக்க வேண்டும்.

நாமெல்லாரும் அறிந்த இந்தச் செய்தியைக் கணிப்பொறி வாங்கும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். கல்லூரியில் பயிலும் என் தமக்கை மகன் மதுரையில் தனக்கென ஒரு சிறிய கணிப்பொறியைத் தானே பூட்டி அமைத்தான். ஏறத்தாழ 12 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி. ஒரு பெரிய டிபன் கேரியரைப் போலக் கையில் தூக்கிச் செல்லலாம். மே மாதத்தில் அவனுடைய நீண்ட கணக்கீடுகள் தொடங்கியதும் நுண்செயலியின் வெப்பநிலை 100° செல்சியஸைத் தொட்டது, வேகம் சரிந்தது. சேமித்து வைத்திருந்த பணத்தில் முன்னதைவிடப் பெரிய ‘கூலர்’ ஒன்றை வாங்கிப் பொருத்தினான். வெப்பநிலை 94°க்கு இறங்கியது, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்டோம். 79°! பணம் செலவழித்துக் கிடைத்தது 6 பாகை; நான்கு திருகாணிகளைக் கழற்றியதில் கிடைத்தது 15 பாகை. ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால், எந்தக் கூலரை வாங்குவது, விசிறியை எங்கே வைப்பது என்னும் கேள்விகள் தாமே தெளிவாகிவிடும்.

முதலில் வெப்பம் எவ்வளவு என்று பார்ப்போம். நடுத்தர நுண்செயலி ஒன்று கடுமையாக உழைக்கும்போது 90 வாட் அளவுக்கு மின்சாரத்தை உண்ணும். உண்பது அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே வெளிவரும். 90 வாட் என்பது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த வெப்பம் பிறக்கும் சிலிக்கன் சில்லின் பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர சென்டிமீட்டர்தான். சதுர சென்டிமீட்டருக்கு 45 வாட்! நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் ஆனாலும், அதன் அடித்தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் அளவே வருகிறது. இஸ்திரிப் பெட்டியைப் போல் ஒன்பது மடங்கு செறிவுள்ள வெப்பத்தை, துணியைக் கருக்காமல், சில்லையும் கருக்காமல் அப்புறப்படுத்த வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2022ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இன்டெல் கோர் ஐ5-12400 என்னும் நுண்செயலிக்கு 65 வாட் என்று எழுதியிருக்கும். அஃது அடிப்படை வேகத்தில் ஓடும்போது. உச்ச வேகத்தில் 117 வாட் வரை செல்லலாம் என்று அதே நிறுவனத்தின் விவரக்குறிப்பே கூறுகிறது. ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம்.4 வகைப் பலகைகளுக்காக 65 வாட் என்று விற்ற நுண்செயலிகளும் 88 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டவை. கூலர் வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணையே பார்க்க வேண்டும்.

கூலர் என்பது குளிர்ச்சியை உண்டாக்கும் கருவி அன்று. பெயர் நம்மை ஏமாற்றுகிறது. அது செய்வதெல்லாம், ஒரு சிறு புள்ளியில் பிறக்கும் வெப்பத்தை வாங்கி, பல மெல்லிய அலுமினியத் தகடுகளின் மேல் பரப்பி, காற்றின் கையில் ஒப்படைப்பதே. சுடுசோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒப்படைப்பில் முதல் தடை சில்லின் உறைக்கும் கூலரின் அடித்தகட்டுக்கும் இடையே உள்ளது. இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். பள்ளங்களில் காற்று அடைபட்டிருக்கும். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிடப் பதினாயிரம் மடங்குக்கும் மேல் வல்லது என்றால், அந்தக் காற்றுப்படலம் எவ்வளவு பெரிய குறுக்குச்சுவர் என்பதை ஊகிக்கலாம். அதை விரட்டத்தான் ‘தெர்மல் பேஸ்ட்’ என்னும் பசையைத் தடவுகிறார்கள். பசையும் உலோகத்தைப் போல நல்ல கடத்தி அன்று. ஆகையால் அதை அள்ளிப் பூசுவது பயன் தராது. பள்ளங்கள் நிரம்பும் அளவு போதும்.

அடுத்து, அடித்தகட்டிலிருந்து தகடுகளின் ஓரம் வரை வெப்பத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். இங்கேதான் ஓர் அழகான கருவி உதவிக்கு வருகிறது. இன்றைய கூலர்களில் வளைந்து செல்லும் செம்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்குக் கெட்டிக் கம்பி போலிருக்கும். உண்மையில் உள்ளே வெற்றிடமும், சிறிதளவு நீரும், உட்சுவரில் திரியைப் போல நீரை உறிஞ்சும் நுண்துளைச் செம்புப் படலமும் உள்ளன. வெற்றிடத்தில் நீர் 100° வரை காத்திருப்பதில்லை. 40°யிலேயே கொதித்து ஆவியாகும். சூடான முனையில் ஆவியான நீர் குளிர்ந்த முனைக்கு ஓடி அங்கே மீண்டும் நீராகிறது. திரி அதை உறிஞ்சித் திரும்பக் கொண்டுவருகிறது. மண்பானை நீரைக் குளிரவைக்கும் அதே உள்ளுறை வெப்பம்தான் இங்கே சுமை தூக்குகிறது. 90 வாட் வெப்பத்தைக் கடத்த நிமிடத்திற்குச் சற்றேறக்குறைய 2¼ கிராம் நீர் ஆவியானால் போதும்! அசையும் உறுப்பு எதுவும் இல்லாத இந்த ஏற்பாட்டிற்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ரிச்சர்ட் காக்ளர் 1942இல் விண்ணப்பித்து 1944இல் காப்புரிமை பெற்றார். யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதையே தாமாகக் கண்டறிந்து ‘வெப்பக் குழாய்’ என்று பெயரிட்ட பிறகே அது விண்கலங்களுக்குச் சென்றது. பின்னர் நம் மேசைக்கும் வந்தது.

ஆக, கூலர் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதை ஒரே எண்ணால் சொல்லலாம்: ஒரு வாட் வெப்பத்திற்கு, சில்லு தன்னைச் சூழ்ந்த காற்றைவிட எத்தனை பாகை அதிகமாகச் சூடேறுகிறது? சிறிய கூலர் ஒன்றுக்கு இது 0.45 என்று கொள்வோம். 90 வாட்டுக்கு 40 பாகை உயரும். அதைவிடப் பெரியதற்கு 0.37 என்றால் 33 பாகை.

‘தன்னைச் சூழ்ந்த காற்று’ என்றேன் அல்லவா? அந்தச் சொற்களில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது அறையின் காற்று அன்று. பெட்டிக்குள் இருக்கும் காற்று. எனவே கணக்கு மூன்று படிகளாக ஏறுகிறது. அறை வெப்பநிலை முதற்படி. பெட்டிக்குள் காற்று அறையைவிட எவ்வளவு சூடு என்பது இரண்டாவது. பெட்டிக் காற்றைவிடச் சில்லு எவ்வளவு சூடு என்பது மூன்றாவது. மதுரையின் மே மாத அறை 36°. காற்றோட்டம் கெட்ட பெட்டி 25 பாகை கூட்டியது. சிறிய கூலர் 40 பாகை. மொத்தம் 101°. இன்டெல் நுண்செயலிகள் பலவற்றுக்கு 100° எல்லை, ஏ.எம்.டி. ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95°. எல்லையை எட்டியதும் சில்லு எரிந்துவிடுவதில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். நாம் காசு கொடுத்து வாங்கிய வேகம் வீணாகும், அவ்வளவே.

பெரிய கூலர் மூன்றாவது படியை மட்டும் 33 ஆக்கியது. 36, 25, 33 கூட்டினால் 94. இரண்டாவது படியைத் தொடவேயில்லை. சிறிய கூலரையே வைத்துக்கொண்டு பெட்டியின் 25 பாகையை 10 ஆக்கியிருந்தால் 86°தான் வந்திருக்கும். ஆகவே கடைக்குப் போகுமுன் மூடியைக் கழற்றிப் பார்ப்பதே முதற் சோதனை. மூடியைக் கழற்றியதும் வெப்பநிலை சடாரென்று விழுந்தால் குற்றம் பெட்டியில். விழாவிட்டால் கூலரிலோ, பசையிலோ, கூலரைப் பொருத்திய விதத்திலோ. அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இனி அந்த இரண்டாவது படி. கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.15 கிலோ. ஒரு கிலோ காற்றை 1 பாகை உயர்த்த ஏறத்தாழ 1,005 ஜூல் வெப்பம் வேண்டும். நுண்செயலியின் 90 வாட்டுடன் மதர்போர்டு, நினைவகம், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றின் வெப்பம் 30 வாட் சேர்த்தால் 120 வாட். பெட்டியிலிருந்து வெளியேறும் காற்று உள்ளே வந்த காற்றைவிட 10 பாகைக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டினால், நொடிக்கு 10 லிட்டருக்குச் சற்று மேல் காற்று ஓட வேண்டும். நம் பெட்டியே 12 லிட்டர்தான். அதாவது, ஏறக்குறைய ஒவ்வொரு நொடியும் பெட்டியிலுள்ள காற்று முழுவதும் மாறியாக வேண்டும்! 200 வாட் கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் உள்ளே வைத்தால் நொடிக்கு 28 லிட்டர். இரண்டு முறைக்கு மேல் மாற வேண்டும். சிறிய பெட்டிக்கு ஏன் சிறிய பிழையும் பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு இதுவே காரணம்.

தரமான 120 மி.மீ. விசிறி ஒன்று, முழு வேகத்தில், முன்னும் பின்னும் தடையே இல்லாத வெளியில் நொடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர் காற்றைத் தள்ளும். ஆனால் தூசிவலை, துளைத்தகடு, கேபிள் கட்டு, கூலரின் நெருக்கமான தகடுகள் ஆகியவை வழிமறிக்கும்போது அதில் பாதி தேறினாலே நல்லது. அட்டைப் பெட்டியில் அச்சிட்ட காற்றளவை மட்டும் பார்த்து விசிறி வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தகடுகளுக்கும் வலைக்கும் எதிரே நிற்கும் விசிறிக்கு அழுத்தம் கொடுக்கும் திறன் வேண்டும். வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாமா? விசிறியின் வேகத்தை இருமடங்காக்கினால் காற்று இருமடங்காகும்; அதற்கு எட்டு மடங்கு மின்திறன் வேண்டும்; இரைச்சலும் ஏறத்தாழ 15 டெசிபெல் கூடும். இரவில் படிக்கும் அறையில் அது பொறுக்கத்தக்கதன்று. இடமிருந்தால் பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவதே அறிவுடைமை. (வண்ண விளக்குகள் மின்னும் விசிறிகளைக் கடைகளில் காண்கிறோம். விளக்கு ஒரு பாகையையும் குறைப்பதில்லை. சிறிதளவு கூட்டத்தான் செய்கிறது.)

‘சூடான காற்று மேலேதானே எழும்பும், ஆகவே விசிறியை மேலே வைக்க வேண்டும்’ என்று பலர் கூறுவர். கொள்கை சரி; அளவுதான் தவறு. 30 செ.மீ. உயரமுள்ள பெட்டியில் உள்ளே இருபது பாகை அதிகச் சூடு இருந்தால், மேலெழும் காற்று தரும் அழுத்தம் ஏறத்தாழ 0.2 பாஸ்கல். ஒரு நல்ல விசிறி 20 பாஸ்கல் வரை தரவல்லது. நூறு மடங்கு! விசிறி உள்ள பெட்டியில் காற்று விசிறி சொல்லும் திசையில்தான் போகும். கீழே போ என்றாலும் போகும். விசிறியே இல்லாத பெட்டியில்தான் மேலெழும் காற்று ராஜா. ஆப்பிள் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பவர் மேக் ஜி4 கியூப்’ அப்படிப்பட்டது. இருபது செ.மீ. கனசதுரம், அடியில் காற்று நுழைந்து, நடுவே நின்ற உலோகத் தகடுகளைத் தடவி, மேலே உள்ள வாயில் வழியே புகைபோக்கியில் புகை போவதைப் போல எழும்பிச் செல்லும். சத்தமே கிடையாது. ஆனால் இந்த முறையால் மிதமான வெப்பத்தைத்தான் சுமக்க முடியும். அந்தக் கணிப்பொறி எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதற்கு விலை முதலிய வேறு காரணங்களும் உண்டு. 2001இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அதே நிறுவனம் 2013இல் வேறொரு வழியை முயன்றது. உருளை வடிவ ‘மேக் புரோ’, 25 செ.மீ. உயரம், 17 செ.மீ. குறுக்களவு. நடுவே முக்கோண வடிவில் ஒரே ஓர் உலோகத் தகட்டுத் தொகுதி. ஒரு முகத்தில் நுண்செயலி, மற்ற இரு முகங்களில் இரண்டு கிராபிக்ஸ் பலகைகள். உச்சியில் ஒரே விசிறி. மிக நேர்த்தியான அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மூன்று முகங்களும் ஏறத்தாழச் சமமாக வெப்பம் தரும் என்று எண்ணிச் செய்யப்பட்டது. உலகமோ ஒரே பெரிய கிராபிக்ஸ் சில்லில் அத்தனை வேலையையும் குவிக்கும் திசையில் சென்றது. ஒரே முகத்தில் குவிந்த பெருவெப்பத்தை அந்த முக்கோணத்தால் ஏற்க இயலவில்லை. புதிய பாகங்களை அதில் பொருத்த வழியில்லாமல் தங்கள் வடிவமைப்பே தங்களைக் கட்டிப்போட்டுவிட்டது என்று 2017இல் அந்நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டனர். உலகப் புகழ்பெற்ற பொறியாளர்களுக்கே இந்தச் சங்கடம் என்றால், என் தமக்கை மகனை நான் எப்படிக் கடிந்துகொள்வேன்?

அவனுடைய பெட்டியில் நடந்தது இதுதான். முன்புறம் ஒரு விசிறி, பின்புறம் ஒரு விசிறி. இரண்டையுமே காற்றை உள்ளிழுக்கும்படி மாட்டியிருந்தான். ‘இரண்டு பக்கமும் புதுக்காற்று வந்தால் நல்லதுதானே மாமா’ என்று கேட்டான். வந்த காற்று போக வேண்டாமா? இரண்டு நீரோட்டங்கள் எதிரெதிரே மோதுவதைப் போல நடுவே மோதி, கூலரைச் சுற்றியே காற்று சுழன்றது. அதைவிட மோசம், பின்புற விசிறிக்குப் பக்கத்திலேயே எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாய் இருந்தது. அது துப்பிய சூடான காற்றை இது மறுபடி விழுங்கிக்கொண்டிருந்தது. கூலரின் விசிறிக்கு எதிரே இருந்த பக்கவாட்டு மூடியோ கண்ணாடி. ஆகவே கூலருக்குப் பழைய காற்றைத் தவிர வேறு கதி இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போது, பற்றவைத்த ஊதுபத்தியை ஒவ்வொரு துளைத்தகட்டின் அருகிலும் பிடித்துப் பாருங்கள். சாம்பல் உள்ளே விழாதபடி சற்று எட்டவே பிடிக்க வேண்டும். புகை எங்கே இழுபடுகிறது, எங்கே தள்ளப்படுகிறது, எங்கே வெளிவந்த புகை வளைந்து மீண்டும் உள்ளே போகிறது என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். அன்று எங்கள் அறையில் பின்புறப் புகை ஒரு வட்டமடித்து உள்ளே நுழைந்ததைப் பார்த்து அவனே சிரித்துவிட்டான்.

செய்த மாற்றங்கள் மூன்று. பின்புற விசிறியைக் கழற்றித் திருப்பி, காற்றை வெளியே தள்ளும்படி மாட்டினோம். கண்ணாடி மூடிக்குப் பதிலாக, பெட்டியுடன் வந்திருந்த துளைத்தகட்டு மூடியைப் போட்டோம். கூலரின் விசிறிக்கும் அந்த மூடிக்கும் இடையே இருந்த மூன்று சென்டிமீட்டர் இடைவெளியைச் சுற்றி ஸ்பான்ஜ் பட்டையால் ஒரு வளையம் கட்டினோம். இனி கூலர் விசிறி இழுக்கும் காற்று முழுவதும் வெளிக்காற்று. நுண்செயலியைத் தொட்டுச் சூடான காற்று பலகையின் மேல் பரவி, அங்குள்ள மின்னழுத்தச் சீராக்கிகளையும் குளிர்வித்துக்கொண்டு, பின்வழியே வெளியேறுகிறது. மூடியைப் போட்ட நிலையிலேயே வெப்பநிலை 80°. செலவு, ஸ்பான்ஜ் வாங்கிய சில்லறை. புதிய கூலருக்குக் கொடுத்த பணத்தை நினைத்து அவன் வருந்தியது எனக்குத் தெரியும். பழைய கூலரே 87 அளவில் ஓடியிருக்கும்.

கூலரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. முதலில் பெட்டியில் எவ்வளவு உயரம் இடம் உண்டு என்று பார்க்க வேண்டும். 170 மி.மீ. சதுரமுள்ள ‘மினி ஐ.டி.எக்ஸ்.’ பலகையை 2001இல் தைவானின் வயா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதையொட்டி எழுந்த சிறு பெட்டிகள் பலவற்றில் கூலருக்கு 40 முதல் 70 மி.மீ. உயரமே கிடைக்கும். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் விற்கும் ‘என்.எச்.-எல்9ஐ’ 37 மி.மீ.; ‘எல்12எஸ்’ 70 மி.மீ.; அதே நிறுவனத்தின் பெரிய ‘டி15’ 165 மி.மீ. முதலாவது 65 வாட் அளவில் ஓடும் நுண்செயலிக்குப் பொருந்தும். உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும் கோர் ஐ9-13900கே போன்றவற்றை அதன்கீழ் வைப்பது மாட்டு வண்டியில் லாரிப் பாரத்தை ஏற்றுவதற்கு ஒப்பாகும். உயரம் இரண்டாகப் பொருந்தினால் பெரியதை வாங்கலாம்தான். ஆனால் விசிறிக்கும் மூடிக்கும் இடையே சில மில்லிமீட்டராவது மூச்சுவிட இடம் இருக்கட்டும். துளைத்தகட்டை ஒட்டியே சுழலும் விசிறி ஊளையிடும்.

கிராபிக்ஸ் கார்டு உள்ள பெட்டியில் கணக்கு மாறுகிறது. அங்கே பெரும் வெப்பம் அந்தக் கார்டிலிருந்தே வரும். நுண்செயலி இரண்டாம் இடம். ஆகவே புதுக்காற்று முதலில் கார்டின் அடியில் நுழைய வேண்டும். கார்டைச் சூடேறித் தாண்டி வரும் காற்றை நுண்செயலியின் கூலர் குடிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பக்கவாட்டுத் துளைத்தகடும் ஸ்பான்ஜ் வளையமும் இன்னும் அவசியமாகின்றன. நீரால் குளிர்விக்கும் அமைப்பைச் சிலர் பரிந்துரைப்பர். நீர் வெப்பத்தை வேறிடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கேயும் அதை வாங்கிக்கொள்வது காற்றுதான். அந்தக் காற்று வெளியே போகாவிட்டால் பழைய கதையே.

கடைசியாகத் தூசி. உள்ளே தள்ளும் விசிறிகளின் பலம் வெளியே இழுக்கும் விசிறிகளைவிடச் சற்று மிகுந்திருந்தால், இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் கசியும். தூசி வலையில் தங்கிவிடும். மாறாக இருந்தால் வலையில்லாத ஒவ்வொரு இடுக்கும் தூசியை உறிஞ்சும் வாயாகும். எப்படியானாலும் நம் ஊர்த் தெருவோர வீடுகளில் மாதம் ஒருமுறை வலையைக் கழற்றித் தட்ட வேண்டியிருக்கும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, கூலரின் தகடுகளிடையே படிந்த தூசியை மென்தூரிகையால் தள்ளி ஊதலாம். ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அதன் தாங்கி கெட்டுவிடும்.